விளையாட்டைக் கலைக்காத டீச்சர்

பிள்ளைகள் விளையாடும்போது டீச்சர் அவர்களைப் பார்க்கவே மாட்டார். அதாவது, பார்ப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். நிலைப்படியில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிப் போட்டு, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, மத்தியான உப்புமாவுக்கு வந்த கோதுமை ரவையில் வண்டு பொறுக்கிக்கொண்டிருப்பார். முதல் தடவை அந்தப் பால்வாடிக்குப் போனபோது நான் அவரை ஆயா என்று நினைத்து, "டீச்சர் எங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன். "உக்காருங்க, வந்துருவாங்க" என்றார். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ரவை முடிந்ததும் முறத்தை ஓரமாக வைத்து, முந்தானையை உதறிக்கொண்டு, "வந்துட்டேன், சொல்லுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவே வேண்டாம்.

கோபம் வரும் வயசுதான். இருபத்து மூன்று. பஞ்சாயத்து யூனியனில் கிராம சேவிகா உத்தியோகம் கிடைத்துப் புதிதாகப் போயிருந்தேன். மாதர் சங்கம், கோழி வளர்ப்பு, புகையில்லா அடுப்பு, குடும்பக் கட்டுப்பாடு, இது போதாதென்று ஏழெட்டு ஊர் பால்வாடியும் என் தலையில். பயிற்சியில் விளையாட்டு வழிக் கல்வி என்று ஒரு முழு நோட்டு எழுதி, முக்கியமானதற்கெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். மன்னார்குடி பஸ்ஸில் வந்து இறங்கி, வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் நடந்து, அந்த நோட்டைக் கைப்பையில் சுமந்துகொண்டு போய், எட்டாம் வகுப்பு படித்த அந்த அம்மாளுக்குப் பாடம் எடுக்கப் போனவள் நான்.

டீச்சருக்குத் தரங்கம்பாடிப் பக்கம். கடல் பார்த்து வளர்ந்தவர் இந்த நெல்லுக்காட்டுக்கு எப்படி வந்தார், வீட்டுக்காரர் என்ன ஆனார் என்பதையெல்லாம் ஊரில் நாலு விதமாகச் சொன்னார்கள். நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றிருப்பார்.

பால்வாடி இருந்தது ஊருக்கும் காலனிக்கும் நடுவில், பழைய களத்துமேட்டில். ஓட்டுக் கட்டிடம், முன்னால் மணல், ஒரு பூவரச மரம். முப்பது பிள்ளைகளில் பாதிக்கு மேல் காலனிப் பிள்ளைகள். அப்பா அம்மா இரண்டு பேரும் விடிந்தால் வயலில். மீதிப் பேர் குத்தகைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். யூனியனில் கொடுத்த மரப் பொம்மைகள் பீரோவுக்குள் இருந்தன. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று முன்னால் இருந்த டீச்சர் பூட்டிவிட்டுப் போக, சாவி தொலைந்து போயிற்று. இவர் அதைத் தேடக்கூட இல்லை. இவரிடம் ஒரு கோணிச்சாக்கு இருந்தது. காலையில் வந்ததும் அதைக் கவிழ்த்துக் கொட்டுவார். கொட்டாங்கச்சி, புளியங்கொட்டை, நத்தைக்கூடு, உடைந்த வளையல், தீப்பெட்டி, சைக்கிள் டயர், கந்தல் துணி. அவ்வளவுதான் பாடம்.

"இத வச்சு என்ன சொல்லிக் குடுக்குறீங்க?" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலயே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அவருக்கென்று இருந்தது ஒரே சட்டம். விளையாட்டில் குறுக்கே போகக்கூடாது. ஒரு பையன் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு புளியங்கொட்டை போட்டுக்கொண்டிருந்தான். நான் ஆசையாகக் குனிந்து, "என்னடா கண்ணு விளையாடுற?" என்று கேட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, எல்லாவற்றையும் அள்ளி ஒரே குவியலாக ஆக்கிவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தான். டீச்சர் எழுந்து வந்து என்னை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார்.

"விளையாடுற பிள்ளைகிட்ட போயி என்ன விளையாடுறேன்னு கேக்காதீங்க சேவிகாம்மா. கேட்டா, அது நமக்காக விளையாட ஆரம்பிச்சிரும்."

என் நோட்டில் இப்படி ஒரு வரி கிடையாது. பஸ்ஸில் திரும்பும்போது எழுதிக்கொண்டேன். எழுதியதை அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு சுலபமாக இறங்கி வருகிற ஆள் இல்லை நான் அப்போது.

மணலில் பிள்ளைகள் வாய்க்கால் வெட்டும். மேட்டில் இருக்கிற பிள்ளை மடையை அடைத்துக்கொள்ளும், கீழே இருக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் போகாது. அடிதடி, கடி, அழுகை. நான் எழுந்தால் டீச்சர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார். கொஞ்ச நேரத்தில் மேட்டுப் பிள்ளையே மடையைத் திறந்து, "ஒனக்குக் கொஞ்ச நேரம், எனக்குக் கொஞ்ச நேரம்" என்று சொல்லும். "இவங்க தாத்தாமாரு ரெண்டு பேரும் இதுக்குத்தான் கோர்ட்டுக்கு அலையுறாங்க" என்று டீச்சர் வண்டு பொறுக்கிக்கொண்டே சொல்வார்.

எல்லாருக்கும் இது பிடித்திருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நடவு முடிந்து வரும் பெண்கள் இடுப்பில் சேற்றோடு வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். "வாய்க்கா வெட்டி விளையாட எம்புள்ளைக்குத் தெரியாதா டீச்சரம்மா? அதத்தான் நாங்க நாள்பூரா செய்யுறோமே. ஒரு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்தா என்னா? நாங்கதான் கைநாட்டாப் போனோம்." அந்தக் கேள்விக்கு மட்டும் டீச்சர் தலையைக் குனிந்துகொள்வார். மறுநாள் அரைமணி நேரம் பலகையில் எழுத்துப் போட்டு நடத்துவார். பிள்ளைகளும் கொட்டாவி விடும், டீச்சரும் கொட்டாவி விடுவார். எழுத்துச் சொல்லிக்கொடுக்க அவருக்கு வராது. அந்தப் பெண்கள் கேட்டதும் நியாயம்தான்.

கொட்டாங்கச்சியால் ஒரு வம்பு வந்தது. தண்ணீரை இதிலிருந்து அதில் ஊற்றி, அதிலிருந்து இதில் ஊற்றி, எது எவ்வளவு பிடிக்கும் என்பது பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்த்தாலே தெரிந்துபோயிருந்தது. அறுவடைக் களத்தில் பண்ணைக் காரியக்காரர் கூலி நெல் அளக்க மரக்காலை எடுத்திருக்கிறார். அம்மாவின் காலடியில் நின்ற ஐந்து வயசுப் பயல், "இதுக்கு வாய்தான் பெருசு, வயிறு சின்னது" என்று சொல்லியிருக்கிறான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் பத்துப் பேர் காதில் விழுந்தாயிற்று. மறுநாள் காரியக்காரர் பால்வாடி வாசலில் வந்து நின்று, "என்னா படிப்பு நடக்குது இங்க?" என்று கேட்டார்.

"படிப்பே நடக்கலன்னுதான் எல்லாரும் திட்டுறாங்க" என்றார் டீச்சர்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காரியக்காரர் போன பிறகு, அந்தப் பயலைப் பார்த்துக்கொண்டே முறத்தைக் கையில் எடுத்தார். "தெரிஞ்சிக்கிட்டா நல்லதுன்னு விட்டேன். தெரிஞ்சத எங்க சொல்லக்கூடாதுன்னு நான் எப்படி விளையாடிக் காட்டுறது?" என்று என்னைக் கேட்டார்.

ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் நடப்பது அவருக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிந்தது இல்லை. ஒரு பெண்பிள்ளை செங்கல்லைத் துணியில் சுற்றி மடியில் போட்டுத் தட்டிக்கொண்டு, "தண்ணியக் குடிச்சிட்டுப் படு, விடிஞ்சதும் கஞ்சி வைக்கிறேன்" என்று சொல்லும். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் தூக்குச்சட்டியில் டீச்சர் இரண்டு கரண்டி உப்புமா கூடுதலாக வைத்து வீட்டுக்கு அனுப்புவார். ஏன் என்று ஆயா கேட்டால், "மிஞ்சிப் போச்சு" என்பார். என்னிடம் ஒரே ஒரு தடவை மனசு விட்டுச் சொன்னார்: "பிள்ளைங்க நம்மள நம்பி விளையாடுது. இங்க விளையாடுறது இந்த மணலத் தாண்டி வெளிய போவக்கூடாது." நல்ல வார்த்தையாக இருக்கிறதே என்று இதையும் நோட்டில் எழுதினேன். எழுதிக்கொள்வதில் ஒன்றும் குறைச்சலில்லை.

அந்த வருஷம் சம்பா அறுவடை. ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு, குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்பு என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். மேடையில் எல்லாக் கட்சியும் உழைப்பவன் பக்கம்தான் பேசியது. வயலில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. கூலியைக் கூட்டிக் கேட்டுக் காலனிக்காரர்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். பண்ணையார் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். இவர்கள் மறித்தார்கள், அவர்கள் அடித்தார்கள், இவர்களும் அடித்தார்கள். பண்ணை ஆள் ஒருவருக்கு மண்டை உடைந்தது. வழக்கில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் ஒன்பது பேர் பெயரைச் சேர்த்தார்கள். எட்டுப் பேர் பிடிபட்டார்கள். ஒருவன் மட்டும் அகப்படவில்லை. போலீஸ் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கித் தேடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. நான் மாசத்துக்கு நாலைந்து நாள் வந்து போகிறவள். ஊரில் போலீஸ் நிற்கிறது என்பது தெரியும், யாருக்காக என்பது தெரியாது.

அன்றைக்குக் காலை பத்தரை மணி இருக்கும். நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் ஒருவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். தண்ணீர் கேட்டார். ஆயா டீயே போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகள் உட்காரும் சின்னப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, மணலைப் பார்த்துக்கொண்டே குடித்தார். "எம் பொண்ணுக்கும் இந்த வயசுதான்மா. பாத்து இருவது நாளாச்சு" என்றார். பொல்லாத மனுஷராகத் தெரியவில்லை. இப்போதும் அவரைப் பொல்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

பூவரச மரத்தடியில் பூங்கொடி விளையாடிக்கொண்டிருந்தாள். நாலரை வயசு, காலனிப் பிள்ளை, வாய் ஓயாத பிள்ளை. கொட்டாங்கச்சியில் மணலை அள்ளி, மேலே ஒரு பூவரச இலையை மூடி, கந்தலில் கட்டி, பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். இன்னொரு பெண்பிள்ளை, "எங்கடி போற?" என்று கேட்டது. "ஆட்டுக்குத் தழை ஒடிக்க" என்றாள். அப்படியே அவள் அம்மாவின் குரல். கொஞ்ச தூரம் போய்ப் பாவாடையை முழங்காலுக்கு மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "மணல்ல நடக்க எதுக்குப் பாவாடையத் தூக்குது?"

டீச்சரின் முறம் நின்றது. "பூங்கொடி, வா, கை கழுவு, சாப்புடலாம்" என்று கூப்பிட்டார். பத்தரை மணிக்குச் சாப்பாடா என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். இத்தனை நாளில் ஒரு விளையாட்டை அவர் பாதியில் கூப்பிட்டுக் கலைத்து நான் பார்த்ததே இல்லை என்பதாவது உறைத்திருக்க வேண்டும். பெரிய மனுஷர் முன்னால் நான் மேதாவியாக இருந்தேன். "இருங்க டீச்சர், விளையாடட்டும். குறுக்க போகக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்றேன். சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "வாய்க்கால் தாண்டுறா சார். இந்த வயசுல பிள்ளைங்க கண்ணால பாத்ததத்தான் விளையாடும். வீட்டுல நடக்குறது அப்படியே வந்துரும்" என்றேன். நோட்டில் இரண்டு தடவை அடிக்கோடு போட்ட வரி.

அவர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

சுவரில் பழைய தகரப் போர்டு ஒன்று சாத்தியிருந்தது. அதன் பின்னால் சின்னப் பையன் ஒருவனை அவள் முன்னாலேயே உட்காரவைத்திருந்தாள் போலிருக்கிறது. தகரத்தில் மூன்று தட்டு தட்டினாள். உள்ளே பையன் இருமினான். "இருமாத. கேக்கும்" என்று அதட்டினாள். "சாப்புட்டுச் சட்டியக் கவுத்து வச்சிரு. நாளைக்கு வர்றேன்."

"சூட்டிகையான பிள்ள. யாரு வீட்டுது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

பதிவேடு என் மடியில்தான் இருந்தது. விரலை வைத்துத் தேடி, தகப்பன் பெயரைப் படித்துச் சொன்னேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பூங்கொடி பக்கத்தில் போய் நின்று, அவள் தலையில் ஒரு நிமிஷம் கை வைத்தார். "வரேம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஓடாமல், சாதாரணமாக நடந்து போனார். டீச்சர் மடியிலிருந்து முறம் சரிந்து ரவை கொட்டியது. அதைப் பார்த்து, "என்ன டீச்சர்" என்றேன் நான்.

டீச்சர் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே ஓடினார். வரப்பு முனையில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றுகொண்டு, "அந்தப் பக்கம் போவக்கூடாதும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்து சிந்திய ரவையை ஒவ்வொன்றாக அள்ளினார். அப்போதுதான் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். வாய்க்காலுக்கு அக்கரையில் தகரக் கதவு போட்ட மோட்டார் கொட்டகை ஒன்று இருந்தது, மோட்டார் கழற்றிப் பல வருஷமான கொட்டகை. ஒரு வாரமாகப் பூங்கொடி இதையே விளையாடுகிறாளாம். "எனக்குத் தெரியும். ஆனா எப்படித் தடுக்குறது? இத விளையாடாதன்னு சொன்னா, ஏன்னு கேப்பா. விளையாட்டுலயே ரகசியம் வெளிய வருதுன்னு அவளுக்கே தெரியாது. நான் சொன்னாத்தான் தெரியும்" என்றார்.

மத்தியானத்துக்குள் பூங்கொடியின் அப்பாவைப் பிடித்துவிட்டார்கள். கரையோடு இழுத்துக்கொண்டு போனதை நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே கூட்டி, கதவைச் சாத்தி, ஆனா ஆவன்னா சொல்ல வைத்தார். முப்பது பிள்ளைகளும் தொண்டை கிழியச் சொல்லின. சத்தம் உள்ளே வராமல் இருக்கட்டும் என்றுதான்.

பூங்கொடியின் அம்மா வந்தது கொஞ்ச நேரம் கழித்து. அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒளிவிடம் அந்தக் கொட்டகை. இன்ஸ்பெக்டர் பால்வாடிக்கு வந்து போனது அவள் காதுக்கு எட்டியிருந்தது. நேராக வந்து பிள்ளையைத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டு அடித்தாள். "அந்தப் போலீசுக்காரன்ட்ட என்னடி சொன்ன? சொல்லு."

"நான் யாருட்டயும் சொல்லலம்மா" என்றது பிள்ளை. "சத்தியமா யாருட்டயும் சொல்லல."

உண்மைதான். அது யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது அடியும் மூன்றாவது அடியும் விழுந்தன. காலனியிலிருந்து நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் வெளியே வந்து, "அவள அடிக்காதீங்க, நான்..." என்று ஆரம்பித்தேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு வலிக்கிற பிடி. என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றார்.

"பிள்ளைய விடு. நான்தான் சொன்னேன்."

அவள் கை அப்படியே நின்றது.

"நீ சட்டியோட வாய்க்கால் தாண்டுறத ரெண்டு நாளு பாத்தேன். அந்தாளு கேட்டாரு. பயந்துபோயி சொல்லிட்டேன். பிள்ள மேல தப்பில்ல."

அவள் பிள்ளையை விட்டுவிட்டு டீச்சரைப் பார்த்தாள். திட்டவில்லை. காறித் துப்பினாள். டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. அவள் பூங்கொடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அடித்த இடத்தைத் தடவிக்கொண்டே அழுதபடி போனாள். பிள்ளை தாய் தோளுக்கு மேலாக டீச்சரைப் பார்த்துக்கொண்டே போயிற்று. அதற்கும் டீச்சர்தான் சொன்னார் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

மூன்று மணி பஸ்ஸுக்கு என்னை வாய்க்கால் மதகு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நான் வழியெல்லாம் அழுதேன். "நான் போய்ச் சொல்லிடுறேன் டீச்சர். என் வாய்தான். நீங்க எதுக்கு?" என்றேன்.

"சொன்னா, ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சிதுன்னு கேப்பாங்க. நீங்க வெளியூரு. நீங்க சட்டியப் பாத்தீங்களா, வாய்க்காலப் பாத்தீங்களா? பிள்ள விளையாடுனதப் பாத்துச் சொன்னேன்னுதான் சொல்லணும்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்பனப் புடிச்சுக் குடுத்தது நீதான்னு அந்தப் பிள்ள ஆயுசுக்கும் கேக்கணுமா?"

"வேற எதாவது சொல்லியிருக்கலாமே. போலீசே பின்னாடி வந்து பாத்துச்சுன்னு..."

"அப்ப தோணல" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காலனிப் பிள்ளைகள் நின்றுபோயின. சாக்கைக் கவிழ்த்தால் விளையாட ஏழெட்டுப் பிள்ளைகள். கடையில் டீச்சருக்குச் சாமான் கொடுக்கும் அம்மாள் முகம் பார்க்காமல் கொடுத்தாள். பண்ணை வீட்டிலிருந்து ஆள் வந்து, ஒத்தாசை ஏதாவது வேண்டுமா என்று கேட்டதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. ஊரார் யூனியனுக்கு மனு கொடுத்தார்கள். போலீஸுக்கு ஆள்காட்டி வேலை செய்யும் டீச்சர் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். கீழே அறுபது எழுபது கைநாட்டு. மனுவில் அவர் பெயர் முழுசாக இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

விசாரித்து அறிக்கை கொடு என்று அந்த மனு என்னிடம்தான் வந்தது. எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். கடைசியில், ஊர் மக்களின் மனநிலையை முன்னிட்டு வேறிடத்துக்கு மாற்றலாம் என்று எழுதினேன். மாற்ற இடமில்லை என்று நீக்கிவிட்டார்கள். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "பூங்கொடி வெளில வந்து விளையாடுறாளான்னு காலனிப் பக்கம் போனா பாத்துட்டு வாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அவள் வீட்டு வாசலில் ஒரு பிள்ளைக்குச் சட்டியில் மண் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். வந்து சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. தரங்கம்பாடிக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

போன வருஷம் கண்ணில் புரை எடுக்கத் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொட்டு மருந்து போட வந்த நர்ஸம்மாள், தலை பாதி நரைத்தவள், சீட்டில் என் பெயரைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க கிராம சேவிகாம்மாதானே? எங்க ஊரு பால்வாடிக்கு வருவீங்களே. நான் பூங்கொடி" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பிள்ளைகள், ஒருத்தி இன்ஜினியர், பேத்தி எடுத்தாயிற்று என்று கடகடவென்று சொன்னாள். வாய் ஓயாத அதே பிள்ளை. "அப்பா போயிட்டாரும்மா. போலீசுல ஒடைச்ச கை கடைசி வரைக்கும் மடங்கல. அரிவா புடிக்க முடியாம ஆடு மேச்சுக்கிட்டே கெடந்தாரு. என்னையப் படிக்க வச்சதெல்லாம் அம்மாதான்."

கண்ணில் மருந்து விட்டு, பஞ்சை வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்க பேத்திய ப்ளே ஸ்கூல்ல சேக்கப் போனோம். கொட்டாங்கச்சி, புளியங்கொட்டையெல்லாம் காட்டி, இதுல விளையாடித்தான் பிள்ளைங்க கத்துக்கும்னாங்க. எனக்கு அந்த டீச்சர் ஞாபகம் வந்துட்டுது. அவ்ளோ பிரியமா இருந்த பொம்பள எங்கப்பாவ எப்படிம்மா காட்டிக்குடுத்தா? இன்னிக்கி வரைக்கும் எனக்கு வெளங்கல. ஒங்களுக்கு எதாவது தெரியுமா? அன்னிக்கி நீங்களும் இருந்தீங்கதானே?"

கண் மூடியிருந்தது. மருந்து வழிந்துகொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் டீச்சர் பழி நீங்கும். இந்தப் பெண் இந்த வயசில், பேத்தி எடுத்த பிறகு, மடங்காத அந்தக் கைக்குக் காரணம் தான் என்று தெரிந்துகொள்வாள். சொல்லாவிட்டால் அந்த மனுஷியை இவள் சாகும்வரை வெறுப்பாள்.

"தெரியலயேம்மா" என்றேன். "பயந்துட்டாங்களோ என்னவோ."

"அப்படித்தான் இருக்கும்" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள். டீச்சர் கேட்டுக்கொண்டதற்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று பஸ் ஏறும் வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பாதி உண்மை. இவ்வளவு பிரியமாக என் கண்ணில் மருந்து விட்ட கை, நான்தான் என்று தெரிந்தால் விலகிப்போகுமே என்ற பயம் மீதிப் பாதி.